கணினியைப் பூட்டிய அழுங்கும் உள்ளே இருந்த உண்ணியும்

ஒரு காட்டில், செல்பேசிக் கோபுரம் மூன்று முளைத்த பிறகும் பதிவேட்டில் காடு என்றே இருந்த ஒரு காட்டில், மதிவாணன் என்றொரு அழுங்கு வாழ்ந்து வந்தார். பிராணிகளை ‘அது’ என்று சொல்வதுதான் கதை வழக்கம். ஆனால் மதிவாணன் இருபத்திரண்டு வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பியவர். ‘அது’ என்றால் அவர் முகம் சுருங்கிவிடும். அழுங்குக்கு முகமே கொஞ்சம்தான். அதுவும் சுருங்கினால் மிச்சம் ஒன்றும் இருக்காது. ஆகவே ‘அவர்’.

அழுங்கைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். உடம்பு முழுக்க ஓடு அடுக்கியது போலச் செதில், நீளமான வால், வாயில் பல் கிடையாது, எறும்பும் கரையானும் ஆகாரம். ஆபத்து வந்தால் ஓடாது, கடிக்காது, கத்தாது. பந்து மாதிரி சுருண்டுகொள்ளும். எத்தனையோ தலைமுறையாக அந்தக் குலத்துக்குத் தெரிந்த உபாயம் இது ஒன்றுதான். இதில் ஒரு சின்னக் குறை உண்டு. சுருளும்போது வயிற்றில் ஓர் எறும்பு ஒட்டிக்கொண்டிருந்தால், அதுவும் உள்ளேயே பத்திரமாகப் பூட்டப்பட்டுவிடும். வெளியே புலி போய்விட்டதா என்று காத்திருக்கும் நேரமெல்லாம் உள்ளே அது நிதானமாகக் கடித்துக்கொண்டிருக்கும். மதிவாணனுக்கு இது சின்ன வயதிலேயே தெரியும். தெரிந்ததெல்லாம் சமயத்துக்கு ஞாபகம் வருமா என்ன?

வெளிநாட்டில் அவர் ஒரு குளிர்தேசத்து விலங்குப் பூங்காவில் வேலை பார்த்தார். பாதுகாப்பு ஆலோசகர் என்று ஊரில் சொல்லியிருந்தார். ‘கூண்டைப் பூட்டினீர்களா?’ என்று இரண்டு மொழியில் அட்டை எழுதி ஒவ்வொரு கூண்டிலும் மாட்டுவதுதான் அந்த ஆலோசனை. இரண்டு மொழியிலும் படித்தவர் என்பதால் கிடைத்த வேலை. ஒரு மொழியில் யோசிப்பார், அடுத்த மொழியில் அதைச் சந்தேகப்படுவார். இப்படியே நாற்பத்தெட்டு வயதாகிவிட்டது. ஒரு நாள் சாயங்காலம், போதும், நம் காட்டுக்கே போய்விடலாம் என்று தோன்றியது. மனைவி வசுமதியைக் கூட்டிக்கொண்டு வந்து, எப்போதோ தோண்டிப் போட்டிருந்த பழைய வளையைக் கூட்டிப் பெருக்கிக் குடியேறிவிட்டார்.

குடியேறிய நான்காம் நாள் ஓர் அறிவிப்பு வந்தது. காட்டில் உள்ள வளைகள் எல்லாவற்றையும் இணையத்தில் பதிய வேண்டும். கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. பதியாத வளைகள் ஆளில்லாத வளைகள் எனக் கருதப்பட்டு, காத்திருப்புப் பட்டியலில் முதலில் இருப்பவருக்கு ஒதுக்கப்படும்.

மதிவாணனின் வளைக்குக் காத்திருப்புப் பட்டியலில் முதலில் இருந்தவர் முள்ளம்பன்றி மாசிலாமணி. நல்ல மனிதர், அதாவது நல்ல முள்ளம்பன்றி. அறிவிப்பு வந்த அன்றைக்கே பெண்சாதியோடு வந்து கதவைத் தட்டினார்.

“தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. நீங்க பதிஞ்சுடுவீங்கன்னு தெரியும். ஒருவேளை பதியலைன்னா அப்புறம் அவசரத்துல அளக்க முடியாது பாருங்க. அதான் டேப்பு கொண்டாந்தேன்.”

அவர் பெண்சாதி அதற்குள் சமையலறை வரை போய்விட்டிருந்தாள். “இந்தச் சுவத்தை எடுத்துட்டா கூடம் பெரிசாயிடுங்க” என்று அங்கிருந்து குரல் வந்தது.

“இடிக்கலாம், இடிக்கலாம். மொதல்ல நாங்க போகணுமில்ல?” என்றாள் வசுமதி.

மறுநாள் திங்கட்கிழமை. காட்டில் பாதிப் பேர் மந்தி செண்பகத்தின் சேவை மையத்தில் வரிசையில் நின்றார்கள். ஆலமரத்தடியில் ஒரு கணினி, ஒரு பிரிண்டர், ஒரு செண்பகம். கணினித் திரையின் ஓரத்தில் மஞ்சள் காகிதத்தில் பாஸ்வேர்டை எழுதி ஒட்டியிருந்தாள். செண்பகம் வாழைப்பழம் சாப்பிடப் போனால் வரிசையில் நிற்கும் மிளா மானே உட்கார்ந்து நாலு விண்ணப்பம் போட்டுவிடும்.

மதிவாணனால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா போக முடியவில்லை. “என்னம்மா இது? பாஸ்வேர்டை இப்படிச் சுவரொட்டி மாதிரி ஒட்டி வச்சிருக்கே! அங்கெல்லாம் இதைப் பார்த்தா வேலையை விட்டே தூக்கிடுவாங்க.”

“என்னை யாரு சார் தூக்குவா? நானே தொங்கிட்டுத்தான் இருக்கேன்” என்றாள் செண்பகம், கிளையிலிருந்து. “டோக்கன் தரவா? நாப்பத்தி மூணு.”

“வேண்டாம். வீட்ல என் சொந்தக் கணினி இருக்கு.”

“அப்ப சரி. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க சார். எந்தக் கணினில ஆரம்பிக்கிறீங்களோ அதுலயேதான் முடிக்கணும். நடுவுல மாத்த விடமாட்டான்.”

வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்து விண்ணப்பத்தில் பாதியை நிரப்பிவிட்டார். எவ்வளவு சுலபம்! அப்போதுதான் திரையில் சிவப்பாக ஒரு பெட்டி துடித்தது. ‘எச்சரிக்கை! உங்கள் கணினியில் 318 ஆபத்துகள் உள்ளன. இலவசமாகச் சோதிக்க இங்கே அழுத்தவும்.’

வேறு யாராவது என்றால் பெட்டியை மூடிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். பாதுகாப்பு ஆலோசகராயிற்றே, ஆபத்து என்று ஒருவன் சொன்ன பிறகு எப்படிச் சும்மா இருப்பது? அழுத்தினார். ‘சரியா?’ என்று கேட்டது. சரி. ‘ஒப்புக்கொள்கிறீர்களா?’ சரி. ‘எல்லாவற்றுக்கும்?’ சரி. இப்படி ஐந்து சரி. ஆறாவதாக, ‘318 ஆபத்துகளும் நீக்கப்பட்டன’ என்று வந்தது. மதிவாணனுக்கு முதுகுச் செதில் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் குளிர்ந்தது.

மறுநாள் காலையில் கணினியைத் திறந்தால் முகப்புப் பக்கம் மாறியிருந்தது. இடுப்புக்குக் கீழே கூந்தல் தொங்கும் ஒரு கரடிப் பெண் சிரித்தாள். ‘கருமேகம் மூலிகைக் கூந்தல் தைலம். ஏழே நாளில் இடுப்பு வரை!’

மதிவாணனுக்குத் தலையில் ஒரு முடி கிடையாது. வசுமதிக்கும் கிடையாது. இதை யார் வைத்திருப்பார்கள் என்று அவர் யோசித்தார். வசுமதிதான் வைத்திருக்க வேண்டும். ஐயோ பாவம், இத்தனை வருஷமாக மனசுக்குள் இப்படி ஓர் ஆசையா! கேட்டால் சங்கடப்படுவாள் என்று கேட்காமல் விட்டார். கொஞ்ச நேரத்தில் வசுமதியும் அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். மனிதருக்கு வயசாகிறது, வழுக்கை உறுத்துகிறது போலிருக்கிறது என்று அவளும் கேட்காமல் விட்டாள். இருபத்தைந்து வருஷத் தாம்பத்தியத்தில் இருவரும் சேர்ந்து காட்டிய பெரிய நாகரிகம் அதுதான். அதன் விலை என்ன என்பது போகப் போகத் தெரிந்தது.

ஆபத்தை நீக்கியாயிற்று. இனி வராமல் தடுக்க வேண்டும் என்று அன்றைக்கே ‘துவாரபாலகன்’ என்ற காவல் மென்பொருளை விலை கொடுத்து வாங்கி நிறுவினார். இது போலி இல்லை, அசல் காவல்காரன். கணினியின் அமைப்புகள் இந்த நிமிஷம் எப்படி இருக்கின்றனவோ அப்படியே படம் பிடித்து வைத்துக்கொள்ளும். முகப்புப் பக்கம் எது, கணினி எழுந்திருக்கும்போது யார் யார் கூட எழுந்திருக்கிறார்கள், இணையத்துக்கு எந்த வழியாகப் போவது, எல்லாம். பிறகு யார் மாற்றினாலும் அடுத்த நொடியே பழையபடி ஆக்கிவிடும். சொந்தக்காரர் பாஸ்வேர்டு இல்லாமல் ஓர் அணு அசையாது.

பாஸ்வேர்டு என்ன வைப்பது? பிறந்த நாள், பெயர் எல்லாம் பாமரர்கள் வைப்பது. மதிவாணன் முதன்முதலில் கரையான் தின்ற புற்றின் பெயரை எழுதி, அதோடு தன் வாலின் ஓரத்துச் செதில்களின் எண்ணிக்கையைச் சேர்த்தார். உலகத்தில் யாருக்குத் தெரியும் அது? வாலைத் தூக்கி மேசைமேல் வைத்து, கணினிக்கு முன்னாலேயே உட்கார்ந்து, ஒன்று இரண்டு என்று வாய்விட்டு எண்ணினார். எண்ணி முடித்துப் பூட்டினார். எதிலும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைப்பது குற்றம் என்று இருபத்திரண்டு வருஷம் அட்டை எழுதிய கையல்லவா அது.

புதன்கிழமை காலையில் கணினிக்கு முன்னால் ஒரு தடவை ஒத்திகை பார்த்துவிட்டு, பகல் முழுவதும் ஆலமரத்தடியில் வரிசையில் நின்றவர்களுக்குக் கணினிப் பாதுகாப்பு பற்றி எடுத்துச் சொன்னார். அவர்களால் நகர முடியாது, நகர்ந்தால் இடம் போய்விடும். அதனால் கூட்டம் கலையாமல் கேட்டது.

வியாழக்கிழமை விண்ணப்பத்தின் மறுபாதியை நிரப்ப உட்கார்ந்தார். பதிவுப் பக்கத்தின் முகவரியைத் தட்டினார். கரடிப் பெண் சிரித்தாள். மறுபடி தட்டினார். மறுபடி சிரித்தாள். எந்த வழியாகப் போனாலும் கூந்தலில்தான் போய் முடிந்தது. ‘ஏழே நாளில்’ என்றாள். அவருக்கு இருந்தது ஒரே நாள்.

“வசு, கோவிச்சுக்காதே. உனக்குப் பிடிச்ச இந்தத் தைலப் பக்கத்தைக் கொஞ்சம் எடுத்துடட்டுமா?”

“எனக்குப் பிடிச்சதா? நீங்க வச்சதுதானே?”

“நானா? எனக்கு எதுக்குடி தைலம்?”

“எனக்கு மட்டும் எதுக்குங்க?”

இருவரும் கரடிப் பெண்ணைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மதிவாணன் அவசரமாக அமைப்புகளைத் திறந்து முகப்புப் பக்கத்தை மாற்றினார். மாறியது. அடுத்த நொடி பழையபடி ஆகிவிட்டது. துவாரபாலகன் திரையில் தோன்றி, ‘உங்கள் அமைப்புகளை மாற்ற முயன்ற ஓர் அந்நியரைத் தடுத்துவிட்டேன். நிம்மதியாக இருங்கள்!’ என்றது. இணைய வழியை மாற்றினார். தடுத்தது. கணினியை அணைத்துப் போட்டார். எழுந்ததும் தடுத்தது. சாயங்காலம் துவாரபாலகன் தானாகவே ஓர் அறிக்கை தந்தது. ‘இன்று முறியடிக்கப்பட்ட தாக்குதல்கள்: 41. தாக்கியவர்: மதிவாணன்.’

வசுமதி அதை இரண்டு தடவை படித்தாள். “அங்கெல்லாம் இப்படித்தானா?” என்று மட்டும் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் பாஸ்வேர்டைத் தட்ட உட்கார்ந்தார். புற்றின் பெயர் வந்துவிட்டது. செதில் எத்தனை? முப்பது சொச்சம் என்று ஞாபகம். முப்பது எது, சொச்சம் எது என்று ஞாபகமில்லை. வாலை வசுமதியின் மடியில் வைத்தார். அவள் ஒவ்வொரு செதிலிலும் சுண்ணாம்புப் பொட்டு வைத்து எண்ணினாள். முப்பது. அவரும் எண்ணினார். முப்பது. தட்டினார். ‘தவறு. இன்னும் இரண்டு வாய்ப்புகள்.’

“ரெண்டு செதில் உதிர்ந்திருக்குமோ?”

“உதிர்ந்தா கூட்டுற எனக்குத் தெரியாதா?”

மத்தியானம் வரை யோசித்துவிட்டு முப்பத்திரண்டு என்று தட்டினார். ‘தவறு. இன்னும் ஒரு வாய்ப்பு. பிறகு உங்கள் பாதுகாப்புக்காகக் கணினி ஏழு நாள் பூட்டப்படும்.’

ஏழே நாளில்.

செண்பகத்திடம் ஓடினார். “நான்தான் அன்னைக்கே சொன்னேனே சார். வீட்ல ஆரம்பிச்சது வீட்லதான் முடியணும்” என்றாள் அவள். சொல்லும்போதே மஞ்சள் காகிதத்தைப் பார்த்து ஒரு விண்ணப்பத்தை அனுப்பிவிட்டாள். வரிசையில் கடைசியாக நின்ற உடும்பு, “ஐயா, பாஸ்வேர்டை எழுதி வைக்கக் கூடாதுன்னு சொன்னீங்களே, மறந்துபோனா என்ன செய்யணும்னு அன்னைக்குச் சொல்லலையே?” என்று கேட்டது. கிண்டல் இல்லை, உண்மையான சந்தேகம். மதிவாணனுக்கு அதுதான் தாங்கவில்லை.

திரும்பி வரும்போது மணி நாலு பத்து. வாசலில் மாசிலாமணி, பெண்சாதி, ஆறு பிள்ளைகள், பாத்திர மூட்டை.

“அவசரமில்லைண்ணே, நீங்க பாருங்க. நாங்க அஞ்சு வரைக்கும் இப்படி ஓரமா இருக்கோம்.”

மதிவாணன் உள்ளே போய்க் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தார். வளையைச் சுற்றிப் பார்த்தார். வெளிநாட்டில் இருந்த இருபத்திரண்டு வருஷமும் இந்த வளையை நினைத்துத்தான் தூங்கியிருந்தார். வேறு செய்ய ஒன்றும் தோன்றாததால், தன் குலத்தார் செய்வதைச் செய்தார். சுருண்டுகொண்டார்.

சுருண்ட பிறகுதான் அந்த எறும்பு ஞாபகத்துக்கு வந்தது. துவாரபாலகன் படம் பிடித்த செவ்வாய்க்கிழமை, உள்ளே ஏற்கெனவே யாரோ இருந்திருக்கிறார்கள்!

“முப்பத்தொண்ணு சார்” என்றது ஒரு குரல்.

சுருளிலிருந்து ஒரு கண்ணை மட்டும் வெளியே எடுத்துப் பார்த்தார். திரைக்கு மேலே காமிரா இருக்கும் சின்ன ஓட்டையில், கடுகை விடச் சற்றுப் பெரிதாக ஓர் உண்ணி உட்கார்ந்திருந்தது. மாட்டுக் காதில் ஒட்டிக்கொள்ளுமே, அந்த இனம்தான். காலத்துக்கேற்ப உளவு வேலைக்கு மாறியிருந்தது.

“யாருடா நீ?”

“உளவு மென்பொருள் சார். திங்கக்கிழமை நீங்கதானே அஞ்சு தடவை சரி, சரின்னு அழுத்திக் கூப்பிட்டீங்க?”

“அப்ப அந்தக் கரடி...?”

“நான் வச்சதுதான். கம்பெனி உத்தரவு. அதைச் சொல்லித்தான் வருத்தப்பட வந்தேன். அதை எடுத்துடலாம்னு நேத்து நானே பார்த்தேன் சார், உங்க துவாரபாலகன் என்னையும் விடமாட்டேங்குது. கம்பெனிக்கு ஒரு தகவல் அனுப்ப முடியலை, வெளிய போகவும் முடியலை. நாப்பத்தொரு தாக்குதல்னு போட்டானே, அதுல ஆறு என்னோடது, அதையும் உங்க பேர்லயே எழுதிட்டான்.”

வசுமதி அருகில் வந்து குனிந்து பார்த்தாள். “முப்பதுதானே இருக்கு? நான் பொட்டு வச்சு எண்ணினேனே.”

“வாலுல முப்பதுதான்க்கா. ஆனா சார் அன்னைக்கு இருபத்தாறாவது செதிலை ரெண்டு தடவை எண்ணினார். நடுவுல ஒரு தும்மல் வந்தது. நான் இங்கயிருந்து பார்த்துட்டுத்தான் இருந்தேன்.”

மதிவாணன் சுருளைப் பிரித்துக்கொண்டு நிமிர்ந்தார். இந்தக் காட்டுக்கு வந்ததிலிருந்து அவர் செய்ததை இவ்வளவு கவனமாகப் பார்த்தவர், சொன்னதை ஒரு சொல் விடாமல் கேட்டவர் யாராவது உண்டா? இந்த ஒட்டுண்ணி ஒன்றுதான். அவருக்குக் கண் கலங்கியது. உடனே இன்னொரு மொழியில் சந்தேகமும் வந்தது.

“உன்னை எப்படி நம்புறது? இருக்கிறது ஒரே வாய்ப்பு.”

“நம்பாதீங்க சார். நம்பாம இருக்கிறதுதான் பாதுகாப்புன்னு புதன்கிழமை ஒத்திகை பார்த்தப்போ சொன்னீங்க. மணி நாலு நாப்பது.”

வெளியே மாசிலாமணியின் கடைக்குட்டி, “அப்பா, என் ரூம் எது?” என்று கேட்பது கேட்டது.

“உனக்கு என்ன வேணும், அதைச் சொல்லு” என்றாள் வசுமதி. வியாபாரம் அவளுக்குத்தான் தெரியும்.

உண்ணி தலையைக் குனிந்துகொண்டது. “பெரிசா ஒண்ணுமில்லக்கா. ஊர்ல எல்லார் விலாசமும் எனக்குத் தெரியும். எனக்குன்னு ஒரு விலாசம் கிடையாது. அந்த விண்ணப்பத்துல ‘வளையில் வசிப்போர்’னு ஒரு கட்டம் இருக்கு. மூணாவது வரி காலியா இருக்கு.”

மதிவாணன் வசுமதியைப் பார்த்தார். வசுமதி கடிகாரத்தைப் பார்த்தாள்.

முப்பத்தொன்று என்று தட்டினார். ‘வருக, சொந்தக்காரரே!’ என்றது துவாரபாலகன். இணைய வழியைச் சரிசெய்தார். கரடிப் பெண் கூந்தலோடு மறைந்துபோனாள். பதிவுப் பக்கம் திறந்தது. மணி நாலு ஐம்பத்திரண்டு. வளையின் நீளம், அகலம் கேட்டது. அவருக்குத் தெரியாது. “மாசிலாமணி!” என்று வாசலைப் பார்த்துக் கத்தினார். அளந்து வைத்திருந்த அந்த நல்ல பிராணி, அங்கிருந்தே நீள அகலங்களைச் சொன்னது. வசிப்போர்: ஒன்று, மதிவாணன். இரண்டு, வசுமதி, மனைவி. மூன்று, உண்ணி. உறவுமுறை?

கட்டம் காலியாக விட அனுமதிக்கவில்லை. உளவாளி என்று ஓர் உறவு பட்டியலில் இல்லை.

“மச்சினன்னு போடுங்க” என்றாள் வசுமதி. “அக்கான்னுதான் கூப்பிடுறான். நம்ம வீட்டு விஷயமெல்லாம் தெரிஞ்சிருக்கு. ஒரு வேலையும் இல்லாம இங்கேயே கிடக்கிறான். வேற என்ன வேணும்?”

நாலு ஐம்பத்தெட்டுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. மாசிலாமணி உள்ளே வந்து கை கொடுத்தார், முள் படாமல். “நல்லதாப் போச்சுண்ணே. எங்களுக்குப் பக்கத்து வளை மேல ஒரு கண்ணு, அவங்களும் ஏதோ காவல் மென்பொருள் போட்டிருக்காங்களாம்” என்று சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்.

இப்போது பாஸ்வேர்டு மதிவாணன் கையில் இருக்கிறது. விலாசம் கொடுத்தது அவசரத்தில் கொடுத்தது, கொடுத்ததும் ஓர் உண்ணிக்கு. துவாரபாலகனில் நீக்கும் பக்கத்தைத் திறந்தார். ‘உண்ணி என்ற மென்பொருளை நிரந்தரமாக நீக்கவா?’ விரல் ‘ஆம்’ மீது போய் நின்றது.

காமிரா ஓட்டையிலிருந்து குரல் மெதுவாக வந்தது. “மாமா, தாராளமா நீக்குங்க. போறதுக்கு முன்னாடி ரெண்டே விஷயம். ரசீது எண்ணை நீங்க குறிச்சுக்கலை, அது இல்லாம பட்டா தரமாட்டான். எனக்குத் தெரியும். ரெண்டாவது, வர்ற செவ்வாய்க்கிழமை அக்காவுக்குப் பிறந்த நாள். பழைய மெயில் எல்லாம் படிச்சேன். போன வருஷம் மறந்துட்டு மறுநாள் மூணு பக்கத்துக்கு மன்னிப்பு எழுதியிருந்தீங்க. ரெண்டு மொழியில.”

மதிவாணன் ‘இல்லை’ என்பதை அழுத்தினார். துவாரபாலகன், ‘உண்மையிலேயே இல்லையா?’ என்று கேட்டது. சரி. ‘இந்த மென்பொருளை இனி நானே பாதுகாக்கவா?’ சரி. அவருக்குச் சரி சொல்லிப் பழக்கம்தானே.

அடுத்த மாதம் பட்டா வந்தது. மூன்று பேர் பெயரோடு, சட்டம் போட்டு, வாசலில் மாட்டியிருக்கிறது.

நீதி: வீட்டைப் பூட்டுமுன் திருடன் உள்ளே இருக்கிறானா என்று நிச்சயப்படுத்திக்கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் பிறகு சாவியை யாரிடம் போய்க் கேட்பீர்கள்?